வெயில் ஊரில் சுருட்டைக் கெடாமல் வைத்திருப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

சுருட்டுப் பிரியர்கள் எல்லோரும் கேள்விப்பட்ட விதி ஒன்று உண்டு: எழுபதுக்கு எழுபது. ஈரப்பதம் 70 சதவீதம், வெப்பம் 70 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது நம் கணக்கில் 21 டிகிரி. லண்டனில் இருப்பவருக்கு இது பொருந்தும். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் காற்று காய்ந்து போயிருக்கும். சுருட்டுக்கு எப்படி ஈரம் கொடுப்பது என்பதுதான் அவருடைய கவலை. சென்னை, மதுரை, யாழ்ப்பாணம், கோலாலம்பூர் பக்கம் இருப்பவர்களின் சிக்கல் நேர் எதிரானது. அறைக்குள்ளேயே 30 டிகிரிக்கு மேல் போகிறது. மழைக்காலத்தில் காற்றின் ஈரப்பதம் 80ஐத் தாண்டிவிடுகிறது. இந்தச் சூட்டில் 70 சதவீத ஈரத்தையும் சேர்த்துக் கொடுத்தால் பெட்டிக்குள் பூஞ்சையும் வண்டும்தான் வளரும்.

கியூபாவின் பினார் தெல் ரியோவிலோ நிகரகுவாவின் எஸ்தெலியிலோ விளைந்த இலை, உலர்த்தி, குவியல் குவியலாகப் புளிக்க வைத்து, மூட்டையில் வருடக்கணக்கில் முதிர்ந்து, கையால் சுற்றப்பட்டு நம்மிடம் வருகிறது. அது நம் அலமாரியில் ஒரே கோடையில் பாழாவது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் குளிர்நாட்டு அறிவுரைகளைத் தள்ளி வைத்துவிட்டு, வெயில் ஊருக்கென்றே இதை எழுதுகிறேன்.

தொடங்குவதற்கு முன் ஒன்று. புகையை உள்ளிழுக்காவிட்டாலும் வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குச் சுருட்டு காரணமாகிறது. பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட்டில் உள்ள அளவுக்குப் புகையிலை இருக்கலாம். பழக்கம் இல்லாதவர் இதைப் படித்துத் தொடங்க வேண்டாம். பெட்டி பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

முதல் படி: இலைக்கு என்ன வேண்டும் என்று புரிந்துகொள்வது

கையால் சுற்றிய சுருட்டில் மூன்று பகுதிகள். வெளியே தெரியும் மேலிலை, அதற்குள் இறுக்கிப் பிடிக்கும் கட்டிலை, நடுவில் உள்ளிலைகள். உள்ளே இருப்பதும் ஒரே ரகம் அல்ல. செடியின் அடிப்பகுதி இலையான வொலாதோ நன்றாக எரியும். நடுவில் வரும் செக்கோ மணம் கொடுக்கும். மேலே வெயிலில் முற்றும் லிகெரோதான் காரம். லிகெரோ தடிமனானது, மெதுவாக எரிவது. அதை நடுவில் வைத்து மற்றவற்றைச் சுற்றிலும் வைப்பார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த இலைகள் எல்லாம் ஒரே வேகத்தில் ஈரத்தை இழுப்பதில்லை, விடுவதும் இல்லை. மெல்லிய மேலிலை சீக்கிரம் காய்ந்துவிடும், நடுவில் உள்ள தடித்த இலைக்கு நாளாகும். ஈரப்பதம் சட்டென்று மாறினால் உள்ளே ஒரு பக்கம் உப்ப, வெளியே மேலிலை வெடிக்கும். ஈரம் கூடலாமா குறையலாமா என்பதைவிட, நிலையாக இருக்கிறதா என்பதே பெரிய கேள்வி.

இங்கே கொஞ்சம் கணக்கு பார்த்துவிடுவோம். ஒரு கன மீட்டர் காற்று 32 டிகிரியில் சுமார் 34 கிராம் நீராவியைத் தாங்கும். ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் அதில் 22 கிராம் இருக்கிறது. அதே காற்றை 24 டிகிரிக்குக் குளிரவைத்தால் அதனால் தாங்க முடிவது 22 கிராமுக்கும் சற்றுக் குறைவுதான். அதாவது பகலில் 65 காட்டிய வெற்றுப் பெட்டி, இரவு ஏசி போட்டதும் பனி கோக்கும் நிலைக்கு வந்துவிடும். பகலெல்லாம் 32, இரவெல்லாம் 24 என்று ஓடும் படுக்கையறையில் பெட்டியை வைத்திருப்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். பெட்டி நிறையச் சுருட்டு இருந்தால் இலைகளே அந்த மிச்ச ஈரத்தை வாங்கிக்கொண்டு சமாளிக்கும். பெரிய பெட்டியில் நாலைந்து சுருட்டு மட்டும் உருண்டுகொண்டிருந்தால் அதற்கு வழியில்லை.

நம் ஊருக்கு என் பரிந்துரை 62லிருந்து 65 சதவீதம். வெப்பம் 18லிருந்து 21 டிகிரிக்குள் நின்றால் மிக நல்லது. முடியாதவர்கள் 25ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டாலே பாதிச் சிக்கல் தீரும்.

இரண்டாம் படி: பெட்டி

ஹியூமிடார் எனப்படும் பளபளப்பான மரச் சுருட்டுப்பெட்டி கண்ணுக்கு அழகு. ஆனால் முதல் பெட்டியாக அதை வாங்காதீர்கள். மலிவான மரப்பெட்டிகளின் மூடி சரியாகப் பொருந்துவதில்லை. மழைக்காலக் காற்று தாராளமாக உள்ளே போகும். அதோடு மரப்பெட்டியைப் பழக்க வேண்டும். உள்மரம் காய்ந்திருந்தால் சுருட்டின் ஈரத்தை அதுவே உறிஞ்சிக்கொள்ளும். ஈரப்பதத்தை 84 சதவீதத்தில் நிறுத்தும் பொதிகளை (நான்காம் படியில் விளக்குகிறேன்) உள்ளே போட்டு, பெட்டியைத் திறக்காமல் இரண்டு வாரம் விட்ட பிறகே சுருட்டு வைக்கலாம். ஈரத்துணியால் துடைத்து ஒரே நாளில் முடிக்கும் குறுக்கு வழி மரத்தை வளைத்துவிடும்.

அதைவிட, சாப்பாட்டுப் பொருள் வைக்கும் காற்றுப்புகாத டப்பா போதும். நாலு பக்கமும் கிளிப், மூடிக்குள் ரப்பர் வளையம் உள்ள ரகம். வாங்கியதும் சோப்புப் போட்டுக் கழுவி, மூடியைத் திறந்தபடி பிளாஸ்டிக் வாடை போகும் வரை காயவிடுங்கள். மூக்கை உள்ளே விட்டுப் பார்த்தால் எதுவும் மணக்கக் கூடாது. ஊறுகாயோ மசாலாவோ இருந்த டப்பா எத்தனை முறை கழுவினாலும் ஆகாது.

டப்பாவுக்குள் இரண்டு மூன்று ஸ்பானிஷ் சீடர் பலகைத் துண்டுகளைப் போடுவது நல்லது. பழைய சுருட்டுப் பெட்டிகளைப் பிரித்தாலே கிடைக்கும். பெயர்தான் சீடர், உண்மையில் தேவதாரு இனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நம் வேம்பின் குடும்பத்து மரம் அது. கொஞ்சம் ஈரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது விடும். அதன் மணம் சுருட்டோடு இசைவாகப் போகும்.

பெட்டி பெரிதாகிவிட்டது, செலவு செய்யவும் தயார் என்றால் ஒயின் வைக்கும் சிறிய குளிர்ப்பெட்டிக்குப் போகலாம். கம்ப்ரசர் உள்ளவை காற்றின் ஈரத்தைக் குளிர்ந்த தகட்டில் படியவைத்து உள்ளே வறட்சி உண்டாக்கும். கம்ப்ரசர் இல்லாத ரகம் அமைதியானது, ஆனால் அறைச் சூட்டைவிடச் சில டிகிரிதான் இறக்கும். மே மாதத்தில் அது திணறும். எந்த ரகமானாலும் சுருட்டை உள்ளே திறந்து வைக்காமல், மூடிய டப்பாவிலேயே வைத்து அதற்குள் அடுக்குங்கள். ஈரத்தை டப்பா பார்த்துக்கொள்ளும், சூட்டைக் குளிர்ப்பெட்டி பார்த்துக்கொள்ளும்.

மூன்றாம் படி: மீட்டரைச் சோதிப்பது

பெட்டியோடு வரும் முள் வைத்த ஈரப்பதமானியை நம்ப வேண்டாம். அது பத்துப் பதினைந்து சதவீதம் தவறாகக் காட்டினாலும் ஆச்சரியமில்லை. சிறிய டிஜிட்டல் மீட்டர் ஒன்று வாங்கி, உப்புச் சோதனை செய்துவிடுங்கள். இதற்கு வேண்டியது சமையலறையிலேயே இருக்கிறது.

ஒரு பாட்டில் மூடியில் தூள் உப்பை நிரப்புங்கள். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, ஈர மணல் பதத்துக்குக் கொண்டு வாருங்கள். உப்பு கரைந்து நீராகிவிடக் கூடாது. உப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஆனால் முழுக்க நனைந்திருக்க வேண்டும். மூடியையும் மீட்டரையும் ஒரு ஜிப் பைக்குள் வைத்து மூடி, வெப்பம் மாறாத இடத்தில் ஒரு நாள் விடுங்கள். நிறைசெறிவான உப்புக் கரைசலின் மேல் காற்றின் ஈரப்பதம் எப்போதும் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். 20 டிகிரியிலும் 30 டிகிரியிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. பையைத் திறக்காமலே எண்ணைப் படியுங்கள். 71 என்று காட்டினால் உங்கள் மீட்டர் 4 குறைவாகக் காட்டுகிறது. அதை ஒரு ஸ்டிக்கரில் எழுதி மீட்டரின் முதுகில் ஒட்டிவிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்தால் போதும்.

நான்காம் படி: ஈரத்தைக் கட்டுப்படுத்துவது

மலிவுப் பெட்டிகளின் மூடியில் பச்சை ஸ்பாஞ்ச் ஒன்று இருக்கும். தண்ணீர் விட்டால் ஈரத்தைக் கக்கும். கூடுதல் ஈரத்தைத் திரும்ப வாங்கத் தெரியாது. அக்டோபர் மழையில் நமக்கு வேண்டியது வாங்குவதுதான். ஆகவே இருவழியும் வேலை செய்யும் பொதிகளை வாங்குங்கள். போவெடா என்ற பெயர் பலருக்கும் தெரியும். உப்புக் கரைசலை நீராவி மட்டும் புகக்கூடிய தோலுக்குள் அடைத்த பொதி அது. சற்றுமுன் செய்த உப்புச் சோதனையின் அதே தத்துவம்தான். 62, 65, 69, 72 என்று எண்களில் கிடைக்கும். டப்பாவுக்கு 62 அல்லது 65. மரப்பெட்டி கொஞ்சம் கசியும் என்பதால் அதற்கு 65 அல்லது 69.

25 சுருட்டு கொள்ளும் இடத்துக்கு 60 கிராம் பொதி ஒன்று என்பது கணக்கு. ஒன்று கூடுதலாகப் போட்டாலும் கெடுதல் இல்லை. பொதி வறண்டு அப்பளம் போல் மொறுமொறுப்பானதும் மாற்றிவிடுங்கள். வேறு வேறு எண் உள்ள பொதிகளை ஒரே டப்பாவில் கலக்காதீர்கள். ஒன்று விடுவதை மற்றொன்று வாங்கி இரண்டும் வீணாகும்.

ஐந்தாம் படி: வண்டு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்றுவேன் என்று நீங்கள் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

புகையிலை வண்டு இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம், செம்பழுப்பு நிறம், தலையைக் குனிந்த கூன்முதுகு. நம் வீடுகளுக்கு அது புதியதல்ல. பழைய மஞ்சள், கொத்தமல்லி விதை, சுக்கு, வற்றல் மிளகாய் டப்பாக்களில் ஓட்டை போட்டுப் பொடியாக்குவதும் இதே பூச்சிதான். அதனால் சுருட்டுப் பெட்டியைச் சமையலறைப் பக்கமே கொண்டு போகாதீர்கள்.

அதன் முட்டை வயலிலோ தொழிற்சாலையிலோ கிடங்கிலோ இலையில் ஏறியிருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. 20 டிகிரிக்குக் கீழே அது பெரும்பாலும் சும்மா கிடக்கும். 25ஐத் தாண்டும்போது ஆபத்து தொடங்குகிறது; 30 டிகிரி அதற்கு மிகவும் பிடித்தமானது. புழு உள்ளேயே தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, வண்டாகித் துளையிட்டு வெளியே வரும். அதற்கு அந்தச் சூட்டில் ஒரு மாதம், ஒன்றரை மாதம் போதும். குண்டூசியால் குத்தியது போன்ற வட்டத் துளையைச் சுருட்டில் பார்த்தால், சுருட்டைத் தட்டிப் பாருங்கள். மெல்லிய பழுப்புப் பொடி கொட்டினால் சந்தேகமே வேண்டாம்.

இதற்கு மருந்து உறைகுளிர். பெரிய நிறுவனங்கள் பல அனுப்புவதற்கு முன்பே உறையவைத்துத்தான் அனுப்புகின்றன. ஆனால் வழியில், கடையில், என்ன ஏறியது என்று யாருக்குத் தெரியும்? வாங்கி வந்த எல்லாவற்றையும் ஒருமுறை உறையவைத்துவிடுவதே என் வழக்கம். முறை இது:

1. சுருட்டுகளை ஜிப் பையில் போட்டு, நசுங்காமல் காற்றை வெளியேற்றி மூடுங்கள். அதை இன்னொரு ஜிப் பைக்குள் வையுங்கள். இரட்டைப் பை கட்டாயம். ஃப்ரீசர் காற்று மிக வறண்டது.
2. ஒரு நாள் ஃப்ரிட்ஜின் சாதாரணத் தட்டில்.
3. பிறகு ஃப்ரீசரில், மைனஸ் 18 டிகிரி அல்லது அதற்கும் கீழே, குறைந்தது ஐந்து நாள். ஒரு வாரம் விட்டால் இன்னும் நிம்மதி.
4. திரும்ப ஒரு நாள் ஃப்ரிட்ஜ் தட்டில்.
5. வெளியே எடுத்து, பையைத் திறக்காமல், அறைச் சூட்டுக்கு வரும் வரை ஒரு நாள். அவசரப்பட்டுத் திறந்தால் நம் ஊர்க் காற்று குளிர்ந்த மேலிலையில் நீர்த்துளியாகப் படியும்.

ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டி பல வீடுகளில் மைனஸ் 18ஐத் தொடவே தொடாது. ஒரு சிறு தெர்மாமீட்டரை ஒரு இரவு உள்ளே வைத்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். அடிக்கடி மின்வெட்டு வரும் வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். உறைந்த சுருட்டு கண்ணாடி மாதிரி, கீழே விழுந்தால் மேலிலை நொறுங்கும்.

ஆறாம் படி: வீட்டில் எங்கே வைப்பது

மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை வேண்டாம். கான்கிரீட் பகலில் குடித்த சூட்டை இரவெல்லாம் கக்கும். பரண் வேண்டாம். ஃப்ரிட்ஜின் தலை வேண்டாம். மேற்கு வெயில் விழும் சுவரை ஒட்டிய அலமாரியும் வேண்டாம்.

வெளிச்சுவர் இல்லாத உள் அறையில், மர அலமாரியின் அடித்தட்டில் வையுங்கள். டப்பாவைத் தடித்த தெர்மாகோல் பெட்டிக்குள்ளோ பிக்னிக் ஐஸ் பெட்டிக்குள்ளோ இறக்கி மூடிவிட்டால், பகல்–இரவு ஏற்ற இறக்கம் நன்றாகக் குறையும். ஏசி அறைச் சிக்கலுக்கும் இதுதான் எளிய தீர்வு. பாச்சை உருண்டை போட்ட துணி அலமாரி மட்டும் கூடவே கூடாது. நாப்தலீன் வாடை சுருட்டுக்குள் இறங்கிவிட்டால் அந்தச் சுருட்டை மீட்கவே முடியாது.

ஏழாம் படி: அடுக்குவதும் பார்ப்பதும்

வெளிநாட்டிலிருந்து பயணம் செய்து வந்த சுருட்டை உடனே பற்றவைக்காதீர்கள். இரண்டு வாரமாவது டப்பாவில் ஓய்வெடுக்கட்டும். செலோஃபேன் உறையைக் கழற்ற வேண்டுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நீராவி அதைத் தாண்டிப் போகும், விட்டுவிடலாம். ஒரு சுருட்டில் வண்டு வந்தால் பக்கத்துச் சுருட்டுக்கு அது ஒரு சிறு தடையாகவும் இருக்கும். வருடங்கள் போகப் போக உறை தேன் நிறத்துக்கு மாறும். அது கெட்டதன் அடையாளம் அல்ல.

வெனிலா, காபி மணம் ஏற்றிய சுருட்டுக்குத் தனி டப்பா. உறையூர்ச் சுருட்டு போன்ற நம் பக்கத்துச் சரக்கு வைத்திருப்பவர்களும் அதைத் தனியாக வையுங்கள். அதன் வாடை வலுவானது, மென்மையான மேலிலை உள்ள சுருட்டுகளில் ஏறிக்கொள்ளும்.

கியூபா பெட்டி முழுதாக வாங்கினால் அடியைத் திருப்பிப் பாருங்கள். தொழிற்சாலைக் குறியீடும் மாதமும் வருடமும் முத்திரையாக இருக்கும். மாதம் ஸ்பானிஷ் சுருக்கத்தில் வரும்: எனே என்றால் ஜனவரி, அகோ என்றால் ஆகஸ்ட், திக் என்றால் டிசம்பர். எத்தனை வருடம் முதிர்ந்தது என்று கணக்கு வைக்க இது உதவும். கண்ணாடி மூடி போட்ட கோஹிபா (கியூபாவின் புகழ்பெற்ற சுருட்டு பிராண்ட்) பெட்டியை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள், அது போலி.

வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து ஒரு நிமிடம் காற்று மாற்றுங்கள். மழை பெய்யும்போது திறக்க வேண்டாம். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் கையில் எடுத்துப் பாருங்கள்: துளை, பொடி, வெள்ளைப் படிவு. வெடிப்பு தெரிந்தால் தனியே வையுங்கள்.

கோளாறுகள்

பூஞ்சை: வெள்ளையாக, பஞ்சு போல, திட்டுத் திட்டாக மேலிலையில் வரும். சில நேரம் பச்சை நீலம். முகர்ந்தால் நனைந்த கோணி வாடை. வெள்ளையாக இருப்பதெல்லாம் முதிர்ந்த சுருட்டில் எண்ணெய் பூத்தது என்று ஆறுதல் சொல்பவர்கள் உண்டு. அதை ஏற்க வேண்டாம், பூஞ்சை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பற்றவைக்கும் முனையில், உள்ளிலைகளுக்கு இடையே பூஞ்சை இறங்கியிருந்தால் அதைத் தூக்கிப் போடுங்கள். மற்றவற்றையும் தனியாக வைத்து, டப்பாவைக் கழுவி வெயிலில் காயவைத்து, 62 பொதியோடு மீண்டும் தொடங்குங்கள்.

வண்டு வந்துவிட்டால்: துளை விழுந்தவற்றை வீட்டுக்கு வெளியே எறியுங்கள். மீதி முழுவதும் ஐந்தாம் படிக்குப் போகட்டும். பலகைத் துண்டுகளையும் கூடவே உறையவையுங்கள். டப்பாவின் மூலைகளைத் துடைத்தெடுங்கள்.

காய்ந்த சுருட்டு: விரலால் மெல்ல அழுத்தினால் நல்ல சுருட்டு கொஞ்சம் இறங்கி மீண்டும் எழும். காய்ந்தது சரசரக்கும். 69 பொதிக்குள் நேரே போட்டு அவசரமாக மீட்கப் பார்த்தால் மேலிலை கிழியும். 62ல் இரண்டு வாரம், பிறகு 65ல் மூன்று நான்கு வாரம். எண்ணெய்ப்பசை முழுக்க வறண்டு போனதற்கு ஈரம் திரும்பும், மணம் திரும்பாது.

ஈரம் மிகுந்த சுருட்டு: பாதியில் அணையும், இழுக்க இறுக்கமாக இருக்கும், ஒரு பக்கம் மட்டும் எரியும். நம் ஊரில் நூற்றுக்குப் பாதிப் புகார் இதுதான் என்பேன். சுற்றியவரைக் குறை சொல்வதற்கு முன் டப்பாவைச் சோதியுங்கள்.

பற்றவைக்கும் முன்

மழைக்காலத்தில் ஓரிரு நாள் முன்பே ஒரு சுருட்டை எடுத்து, பொதி இல்லாத சிறு மரப்பெட்டியில், ஏசி அறையில் வையுங்கள். மேலிலையின் மிச்ச ஈரம் இறங்கி, எரிவது சீராகும்.

வாயில் வைக்கும் முனையை மூடியிருக்கும் இலைத் தொப்பியின் வளைவு முடியும் கோட்டைத் தாண்டாமல், இரண்டு மில்லிமீட்டர் அளவு வெட்டுங்கள். கோட்டுக்குக் கீழே போனால் மேலிலை பிரிந்துவரும். பெட்ரோல் லைட்டர் வேண்டாம், வாடை ஏறும். பியூட்டேன் லைட்டரோ நீளத் தீக்குச்சியோ நல்லது; சுடர் படாமல், அதன் சூட்டில் முனையைச் சுழற்றிச் சுழற்றிக் கருக்கிய பிறகு இழுங்கள். நிமிடத்துக்கு ஒரு இழுப்புக்கு மேல் வேண்டாம். வேகமாக இழுத்தால் சுருட்டு சூடேறிக் கசக்கும். கடைசி மூன்றில் ஒரு பங்கில் காரமும் நிக்கோட்டினும் கூடும். தலை சுற்றுவது போல் இருந்தால் வைத்துவிட்டு இனிப்பாக ஏதாவது குடியுங்கள். மீதியை நசுக்க வேண்டாம், சாம்பல் கிண்ணத்தில் விட்டால் தானே அணையும். அந்த மிச்சத்தை நாளைக்கு என்று எடுத்து டப்பாவுக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள். ஒரே இரவில் எல்லாச் சுருட்டிலும் பழைய புகை நாற்றம் ஏறிவிடும்.